கிளினிக் நாளில் மலைக்குப் போகாதீர்கள்

(வட்டகொடையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். கிளினிக் கொப்பியில் குறித்த திகதியில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கொழுந்தெடுக்கப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. நானும் அப்படிச் செய்தவள்தான். பிரஷர் குளிசை முடிந்து மூன்று வாரம் போகவில்லை. பேர் போய்விடுமே என்ற பயம். கடைசியில் பெரட்டுக்களத்திலேயே தலைசுற்றி விழுந்தேன். ஒரு பேருக்குப் பயந்து பதினாறு பேரை இழந்தேன்.

நம் முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியில் கொலராவுக்குப் பலியானவர்கள் ஏராளம். 1872இல் வைத்தியத் தேவைகள் சட்டம் வந்தது. இரக்கத்தினால் மட்டுமல்ல, ஆள் செத்தால் கோப்பி பறிக்க ஆள் இல்லையே! அன்றிலிருந்து நம் வைத்தியம் தோட்டத்தின் கையில். டிஸ்பென்சரி, போத்தல் மருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு துண்டு. 1948இல் பிரஜாவுரிமையும் பறிபோனபின் கேட்கவும் வாயில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆனாலும் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் அடுத்த வீட்டுக்குப் போனவர் மாதிரி ஒதுங்கி நிற்கிறோம். லிந்துலையானாலும், நுவரெலியாவானாலும், டிக்கோயா கிளங்கனானாலும் அங்கே வைத்தியம் இலவசம். வெளிநோயாளர் பிரிவுக்குப் போக யாருடைய துண்டும் வேண்டாம்.

அவசரமென்றால் தோட்ட லொறிக்குக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை. குளவி கொட்டி முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வாகனம் வராத லயங்களில் நோயாளியை ரோட்டுவரை தூக்கி வர நாலு பேரை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பாஷை. எங்கள் லயத்து அக்கா ஒருவர், சொன்னது விளங்காமலே "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டு வந்தார். காலையில் மட்டும் போட வேண்டிய சீனி வருத்தக் குளிசையை இரவிலும் போட்டு மயங்கிவிட்டார். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. விளங்காவிட்டால், "தமிழில் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பள்ளிக்கூடம் படித்த பிள்ளை ஒன்றைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் கிடைக்க வேண்டும். இதுதான் நம் கோரிக்கை. அதற்கு ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்ய வேண்டும். கிளினிக் போனதால் பேர் இழந்த நாட்களைத் திகதியோடு எழுதி மாதர் தலைவியிடம் கொடுங்கள். கணக்கில்லாமல் பேசப் போனால் துரை நம்பமாட்டார். கையில் கணக்கிருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அதுவரை பேர் போனாலும் கிளினிக்கை விடாதீர்கள். கொழுந்து நாளைக்கும் வளரும்.