எலும்பு இல்லைன்னு சொல்லிட்டாங்களா?

(திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களிடையே ஒரு பல் மருத்துவர் பேசியது)

"ஸ்கேன் எடுத்தாங்க டாக்டர், எலும்பே இல்லையாம், இம்ப்ளான்ட் ஆகாதாம்" என்று சொல்லி என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அது பாதி உண்மைதான்.

பல் இருக்கிற வரைக்கும்தான் தாடை எலும்புக்கு வேலை. பல் போய்ட்டா மெல்லுகிற அழுத்தம் இல்லாம எலும்பு கரைய ஆரம்பிக்கும்; முதல் வருஷத்தில்தான் அதிகம். பத்து வருஷமா பல் செட் போட்டிருக்கிற பவர் டேபிள் டெய்லருக்கு இப்போ செட் ஆடுதுன்னா, அடியில் எலும்பு குறைஞ்சிருக்கும்.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவங்களுக்கு என் முதல் யோசனை சிக்கனமானது. முன்பக்கம் ரெண்டே இம்ப்ளான்ட். அதுமேல செட்டை மாட்டிக்கலாம். பாப்பா சட்டைக்கு நீங்க அடிக்கிற பிரஸ் பட்டன் மாதிரிதான், 'டக்'குனு பிடிச்சுக்கும். ராத்திரி கழற்றிக் கழுவலாம்.

மேல்தாடைதான் சிரமம். பின்பக்கம் எலும்புக்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை இருக்கு. அந்த அறையின் சவ்வைத் தூக்கி எலும்புத்தூள் வைக்கலாம். அது கெட்டியாக மாதக்கணக்கில் காத்திருக்கணும். இருக்கிற எலும்புக்குள்ளேயே திருகைச் சாய்வாகப் போடுவதும் உண்டு. எதுவும் முடியாதபோது கன்ன எலும்பில் பிடிக்கிற நீளத் திருகு. 1965-ல் மனிதருக்கு முதன்முதலில் டைட்டானியம் இம்ப்ளான்ட் வைத்த சுவீடன் நாட்டு பிரோனமார்க்கின் வழி இது. புற்றுநோயிலும் விபத்திலும் தாடை இழந்தவர்களுக்காக வந்தது. பெரிய ஆபரேஷன், சைனஸ் தொந்தரவும் வரலாம். எடுத்தவுடன் இதைச் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீங்க. ஸ்கேன் சிடியை வாங்கி இன்னொரு டாக்டரிடம் காட்டுங்க.

சுகர் கட்டுக்குள் இல்லைன்னா திருகு எலும்போடு சரியா ஒட்டாம போகலாம். மாத்திரைக்கு லீவு போட வேண்டாம்; 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து வீட்டுக்கே தருது. நைட் ஷிப்டில் தூக்கம் வராம இருக்க வாயில் அடக்குற புகையிலையும் பீடியும் அதே கெடுதல்தான். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டவங்க, கழுத்துக்கு மேல கதிர்வீச்சு எடுத்தவங்க டாக்டரிடம் முதல்லயே சொல்லிடணும்.

சந்தேகம்னா 104-க்குப் போன் பண்ணுங்க. அப்புறம், விளம்பரத்தில் போடுற விலை பல நேரம் திருகுக்கு மட்டும்தான். மேலே வர்ற பல், ஸ்கேன், எலும்புத்தூள் எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.