டர்போ வண்டியும் இன்டர்கூலரும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற அறுவடைக் காலத்தில் என் மாமாவின் லொறி நெல் மூட்டைகளுடன் உயிலங்குளத்திலிருந்து புறப்பட்டது. சிறிது தூரத்திலேயே கரும்புகை கக்கி, இழுவையிழந்து நின்றது. "இன்டர்கூலர் பழுது, பெரிதாக ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்" என்றார் பழுதுபார்த்தவர். மாமியின் சங்கிலி அடைவுக்குப் போயிற்று. கொழும்பிலிருந்து பளபளப்பான பெரிய இன்டர்கூலர் வந்தது. புகையோ நிற்கவில்லை! ஈற்றில் அகப்பட்ட குற்றம் யாதெனில், றப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், கிளிப்பின் அருகே, விரல்நீள வெடிப்பு ஒன்று.

மிஷன் பாடசாலையில் வாயு விதிகளை மனனஞ் செய்து பரீட்சை எழுதிய நான், அன்று பக்கத்தில் வாய்மூடி நின்றேன். அந்த வெட்கமே இன்று என்னைப் பேச வைக்கிறது.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையினாற் சக்கரமொன்றைச் சுழற்றி, அதன் வலுவினாற் காற்றை அமுக்கி எஞ்சினுட் செலுத்தும் கருவி. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடி சுடுவதை நாமறிவோம். அவ்வாறே டர்போ அமுக்கிய காற்றும் நூறு பாகையைத் தாண்டிச் சுடக்கூடும். சூடான காற்று ஐதானது. அதனை வழியிலே ஆற்றிச் செறிவாக்குவதே இன்டர்கூலரின் தொழில். இவ்வழியில் எங்கு ஒழுகினாலும் எஞ்சினுக்குக் காற்றுக் குறையும். டீசல் முற்றாக எரியாது கரும்புகையாகும்.

ஆகவே வாங்குமுன் சோதியுங்கள். குழாய்த்தொகுதியின் இரு வாய்களையும் அடைத்து, குறைந்த அமுக்கத்திற் காற்றேற்றி, மூட்டுகளிற் சவர்க்கார நீர் பூசுங்கள். ஒழுகுமிடம் நுரைத்துக் காட்டும்.

நிற்க. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் பரவலாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளிற் பழைய வண்டிகளைப் பாவித்த பாகங்களே காத்தன. பஞ்சிகாவத்தையில் பாவித்த இன்டர்கூலர் வாங்குவோர் அதன் வாயினுள் நோக்குக. எண்ணெயுடன் உலோகத் துகள் இருப்பின், அது உடைந்த டர்போவின் மிச்சமாகலாம். அத்துகள் எஞ்சினுட் சென்றால் எஞ்சினே பாழ். அதனை வாங்காது விடுதலே நன்று.

பெரியதெல்லாம் சிறந்ததன்று. அளவுக்கு மிஞ்சி அகன்ற குழாய் நிரம்ப நேரமெடுக்கும். மிதித்தவுடன் இழுவை வராது. ரேடியேற்றருக்குக் காற்று வராமல் மறைத்தால் மன்னார் வெயிலிலே தண்ணீர் கொதிக்கும். சிலிக்கன் குழாய் சூட்டைத் தாங்கும்; ஆயின் எண்ணெயைத் தாங்கும் உட்பூச்சு உண்டோவெனக் கேட்டு வாங்குக.

நண்பர்களே! புதிய குழாய்க்குச் சிறு தொகையே போயிற்று, லொறி ஓடுகிறது. மாமியின் சங்கிலியோ இன்னும் மீளவில்லை. நம் பெரியோர் பாகம் வாங்கப் புறப்படுகையில், படித்த நாம் வாய்மூடி நில்லாது, முதலில் ஒரு கோப்பை சவர்க்கார நீருடன் வண்டியடிக்குச் செல்வோமாக.