முன்தோல் இறுக்கமும் அறுவைச் சிகிச்சையும்

வெளியே சொல்லக் கூசும் நோய்களுக்குத்தான் நம் வீடுகளில் கைவைத்தியம் மிகுதி. பல்வலி என்றால் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். ஆண் குழந்தையின் சிறுநீர்த் துவாரத்தைத் தோல் மூடிக்கொண்டிருக்கிறது என்றாலோ, வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வயது வந்த ஆடவர்களோ மனைவியிடங்கூடச் சொல்வதில்லை. சொந்த ஊரில் பழகிய டாக்டர் ஒருவராவது இருப்பார். வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்குக் கூச்சத்தோடு மொழியும் ஒரு தடையாகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இவ்விஷயத்தில் மக்கள் மனத்தில் எழும் பொதுவான வினாக்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மருத்துவம் தரும் விடைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், அப்பக்கத்து மக்களுள் பலர் பெரிய சிகிச்சை என்றால் இந்நகரையே நாடி வருகின்றனர். 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், அதை அடுத்து 1952இல் தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் என ஏற்பட்ட ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் இங்கு உள்ளன. இளம் வயதிலேயே மறைந்த ஓர் அரச குமாரனின் பெயரைத் தாங்கி நிற்பது அம்மருத்துவமனை. வைத்தியத்துக்கு இங்கே குறைவில்லை. உரிய காலத்தில் சென்று கேட்பதுதான் குறைவாக இருக்கிறது.

முதற்கண் இயற்கை யாது என்பதை அறிவோம். ஆண்குறியின் நுனியை மூடிக் காக்கும் தோலையே முன்தோல் என்கிறோம். குழந்தை பிறக்கும்போது இத்தோலின் உட்புறமும் குறியின் மொட்டும் நகமும் சதையும்போல ஒட்டியே இருக்கும். இது குறையன்று, மென்மையான நுனியைக் காக்க இயற்கை செய்த ஏற்பாடு. பிள்ளை வளர வளர அந்த ஒட்டு தானே விடுபடும். தோலின் வாயும் நெகிழும். இங்கிலாந்தில் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் 1949இல் எழுதிய கட்டுரையில், பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்கே தோலை முழுவதும் பின்னுக்குத் தள்ள முடியும் என்று காட்டினார். டென்மார்க்கில் யாகோப் ஓஸ்டர் என்பவர் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து 1968இல் முடிவுகளை வெளியிட்டார். ஆறு ஏழு வயதில் நூற்றுக்கு 8 பேரிடம் காணப்பட்ட இறுக்கம், பதினாறு பதினேழு வயதில் நூற்றுக்கு ஒருவரிடமே எஞ்சியிருந்தது. இடையில் அவர்களைக் குணப்படுத்தியது கத்தியன்று, காலமே.

இதிலிருந்து பெற்றோர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சிறு குழந்தைக்குத் தோல் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அத்தோலை வலிந்து இழுத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இது அறவே கூடாது. வலிந்து இழுத்தால் தோலின் வாய் கீறும்; கீறிய இடம் ஆறும்போது தழும்பாகும்; தழும்பு சுருங்கும். தானே சரியாகியிருக்கக்கூடிய ஒன்றை மெய்யான நோயாக ஆக்குவது இந்த இழுப்புத்தான். குளிக்கும்போது வெளிப்புறத்தைக் கழுவினாலே போதும். பையன் வளர்ந்து, தோல் தானாக விலகத் தொடங்கிய பிறகு, மெல்ல விலக்கி நீரால் கழுவி, மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர அவனுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தோலுக்கடியில் வெண்முத்துப்போல் சிறு கட்டிகள் தெரிகின்றனவே, சீழ் அல்லவா என்று தாய்மார் கேட்பதுண்டு. வலியும் சிவப்பும் இல்லையாயின் அது சீழன்று; ஒட்டு விடும்போது உதிர்ந்த தோல் அணுக்களின் திரட்சியே. காலத்தில் தானே வெளியேறும். சிறுநீர் கழிக்கையில் தோல் சற்று உப்புவதும், வலியின்றி நீர் நன்றாக இறங்கும்வரை, பெரும்பாலும் தீங்கற்றதே.

அப்படியானால் நோய் எது? முன்பு விலகிய தோல் பின்னர் விலகாமற்போவது. தோலின் வாயில் வெண்மையான, தடித்த தழும்பு வளையம் தோன்றுவது. அடிக்கடி சிவந்து வீங்கிச் சீழ் வருவது. சிறுநீர் நூல்போல் இறங்குவது அல்லது கழிக்கும்போது குழந்தை அழுவது. சிறுநீர்த் தொற்று மீண்டும் மீண்டும் உண்டாவது: இவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரிடம் காட்டவேண்டும். இத்தகைய நோய் இறுக்கத்தையே மருத்துவர்கள் பைமோசிஸ் என்கின்றனர்.

இதற்கு எதிரிடையான நிலை ஒன்றும் உண்டு. பின்னுக்குத் தள்ளிய இறுகிய தோல் மீண்டும் முன்னுக்கு வராமல், மொட்டின் பின்புறம் கயிறு கட்டியதுபோல் இறுக்கிக்கொள்ளும். நுனி வீங்கும், வீங்க வீங்க இறுக்கம் கூடும், இரத்த ஓட்டம் தடைப்படும். இதற்குப் பாராபைமோசிஸ் என்று பெயர். காலை வரை பொறுப்போம் என்று இருக்கக்கூடாது. நள்ளிரவாயினும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியோர்க்கு, குழாய் வைத்தபின் தோலை முன்னுக்குக் கொண்டுவர மறப்பதாலும் இது நேர்வதுண்டு. வீட்டில் முதியோரைப் பேணுவோர் இதை நினைவிற் கொள்க.

இவ்விரு நோய்களையும் நம் முன்னோர் அறியாதவர் அல்லர். சுசுருத சம்ஹிதை இவற்றை நிருத்தப்பிரகாசம், பரிவர்த்திகை என்ற பெயர்களால் தனித்தனியே விவரிக்கிறது. முன்னதற்கு, நெய் தடவிய குழலைச் செலுத்தி, நாளடைவில் பெரிய குழல்களால் வாயை மெல்ல விரிக்கும் முறையை அது கூறுகிறது. பழமையான நூலே படிப்படியாகச் செல்லச் சொன்னதை, நாம் ஒரே நாளில் பலவந்தமாகச் செய்ய முயல்வது எவ்வளவு பொருந்தாத செயல்!

நோய் என்று தெரிந்ததும் உடனே கத்திதானா என்பது அடுத்த வினா. இல்லை. தழும்பு முற்றாத இறுக்கத்துக்கு, ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாளுக்கு இருமுறை வீதம் நான்கு முதல் எட்டு வாரம் தடவினால், பெரும்பாலான சிறுவர்களுக்குத் தோல் நெகிழ்ந்துவிடுகிறது. ஆனால் மருத்துவர் எழுதித்தந்த களிம்பையே, சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கே தடவவேண்டும். கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பை அன்று. களிம்பாலும் தீராதபோது, தோலை நீக்காமலே அதன் வாயை மட்டும் அகலமாக்கித் தைக்கும் சிறு சிகிச்சை சிலருக்குப் போதுமானது. வெண்தழும்பு முற்றியவர்களுக்கே முன்தோலை முழுவதும் நீக்கும் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படுகிறது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிய அச்சங்கள் பல. குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்தும், பெரியவர்களுக்கு இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் இதைச் செய்வர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். முழு மயக்கத்துக்கு முன் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். பிள்ளை பசியால் அழுகிறானே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் பால் புகட்டினால், அப்பால் நுரையீரலில் ஏறி உயிருக்கே உலைவைக்கக்கூடும். குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறையாத குறை இருந்தாலும், இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை உண்பவராயினும், முன்னதாகச் சொல்லிவிடவேண்டும். சிகிச்சைக்குப் பின் சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். தையல்கள் தாமே கரைந்து உதிரும். இரத்தம் நில்லாமல் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அடைத்தாலும் உடனே திரும்பிச் செல்லவேண்டும். மணமானவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் விலகியிருத்தல் நலம். ஆண்மை குன்றுமோ, மக்கட்பேறு தடைப்படுமோ என்று கலங்குவோர் உளர். இச்சிகிச்சைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மதத்தைப் பற்றிய தயக்கமும் உண்டு. நோய்க்காகச் செய்யும் சிகிச்சையால் எவர் மதமும் மாறுவதில்லை. இஸ்லாமியர்க்கோ இது மார்க்கக் கடமையாகப் போற்றப்படுவது. தமிழர் சுன்னத்துக் கல்யாணம் என்பதைக் கேரளத்தார் மார்க்கக் கல்யாணம் என்பர். முன்னாளில் ஒஸ்ஸான் எனப்பட்ட நாவிதர் வீட்டுக்கே வந்து செய்துவந்த இச்சடங்கு இப்போது பெரிதும் மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஏனெனில் கருவிகளின் தூய்மையோடு, செய்வதற்கு முன் ஒரு பரிசோதனையும் இன்றியமையாதது. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும். அதைச் செப்பனிட முன்தோலே தேவைப்படக்கூடும் ஆதலால், அத்தகைய குழந்தைக்கு முதலில் தோலை நீக்கிவிடலாகாது. மருத்துவக் காரணமின்றிச் சிறுவர்களுக்கு இதைச் செய்வதைத் தடுக்கவேண்டும் என்ற வழக்கொன்றைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. வழக்கு எதுவாயினும், குழந்தையின் பாதுகாப்பு எல்லாருக்கும் பொதுவானது.

நோயைத் தடுக்க எல்லா ஆண்களும் இதைச் செய்துகொள்ளலாமே என்று கேட்போரும் உளர். எய்ட்ஸ் நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பெண்கள் வாயிலாக ஆண்களுக்கு அக்கிருமி தொற்றுவது ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு குறைந்தது. அதன்பேரில் 2007இல் உலக சுகாதார நிறுவனம், அந்நோய் மிகப் பரவிய இடங்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நோயற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் கத்தி வைக்கச் சொன்னதன்று.

இனி, நடுவயதினர் செவிசாய்க்கவேண்டிய செய்தி ஒன்று. நாற்பது, ஐம்பது வயது வரை தொல்லையின்றி இருந்தவர்க்குத் தோல் திடீரென வெடித்து, அரித்து, இறுகத் தொடங்கினால், முதலில் பார்க்கவேண்டியது இரத்தத்திலுள்ள சர்க்கரையை. நீரிழிவு தன் வருகையை இவ்வாறு அறிவிப்பதுண்டு. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகளாலும் அவ்விடத்தில் பூஞ்சைத் தொற்று உண்டாகலாம். மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் டாக்டரிடம் கூறவேண்டும். மேலும், ஆண்குறியில் தோன்றும் புற்றுநோய் அரிதாயினும், நெடுங்காலம் தோல் விலகாமல், கழுவ முடியாமல் இருப்போர்க்கே அது அதிகம் வருகிறது. ஆறாத புண், கட்டி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றை மறைத்துவைப்பது மானத்தைக் காப்பதாகாது. தொடக்கத்திலேயே சென்றால் உறுப்பையும் உயிரையும் காக்கலாம். திருவனந்தபுரத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதல் செயல்பட்டு வருகிறது.

இறுதியாக மொழியைப் பற்றி ஒரு சொல். மலையாளமும் தமிழும் உடன்பிறந்தவையே; எனினும் மருத்துவமனையில் ஒரே சொல் இருபொருள் பட்டு நம்மை ஏமாற்றும். டாக்டர் "நீருண்டோ?" என்று வினவினால், சிறுநீர் இறங்குகிறதா என்று நாம் எண்ணி ஆம் என்போம், அவர் கேட்டதோ வீக்கம் உண்டா என்பது. "பழுப்பு" என்றால் நமக்கு நிறம், அவர்க்குச் சீழ். முன்தோலை அக்ரசர்மம் என்பர். மூத்திரம், வேதனை என்ற சொற்கள் இருவர்க்கும் பொது. இந்த நாலைந்து சொற்களை அறிந்துகொண்டு, விளங்காவிடில் மறுபடியும் கேட்டுத் தெளிவது நல்லது. அதற்கு டாக்டர் சினங்கொள்ள மாட்டார். சொல்லாமல் விட்டதைத்தான் அவரால் குணப்படுத்த இயலாது.

சிறு பிள்ளையிடம் அவசரம் வேண்டா. பெரியவரிடம் தாமதம் வேண்டா. இவ்விரண்டையும் நம் வீட்டார் மனத்திற் கொண்டால், தேவையற்ற கத்தியிலிருந்து பல குழந்தைகளும், காலங்கடந்த துன்பத்திலிருந்து பல ஆடவரும் காக்கப்படுவர்.