குளிர்காலத் தோலுக்கு ஓட்ஸ் மாவு



தெற்கிலிருந்து டில்லிக்கு வந்த நாம் அனைவரும் முதல் குளிர்காலத்திலேயே ஒன்றை அறிகிறோம். மார்கழி பிறந்ததும் கைகால்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கின்றன. குழந்தைகள் ஓயாமல் சொறிகின்றனர். இது அழுக்கன்று, வறட்சி. கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்தால், தோலில் இயற்கையாயுள்ள எண்ணெய்ப்பசையும் போய் அரிப்பு மிகும்.

நம் அன்னையர் தேய்த்த பயற்றம் மாவு, எண்ணெய் முழுக்கின் பிசுக்கை எடுக்க ஏற்றது. வறண்ட தோலுக்கு வேண்டுவதோ ஈரத்தைக் காக்கும் பொருள். அதற்கு ஓட்ஸ் உதவும். இப்பக்கங்களில் குளிர்காலத்தில் கால்நடைத் தீவனமாகப் பயிரிடும் ‘ஜயி’ என்னும் தானியமே அது. அதிலுள்ள பீட்டா குளூக்கான் நீரைப் பற்றி, தோலின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அவெனாந்திரமைடு என்னும் பொருள்கள் அரிப்பைத் தணிக்கின்றன. நுண்ணிதாய் அரைத்த ஓட்ஸைத் தோல் காக்கும் பொருள்களுள் ஒன்றாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

செய்முறை எளிது. சர்க்கரையோ மணப்பொருளோ சேராத ஓட்ஸை மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். ஒரு கரண்டி மாவை ஒரு தம்ளர் நீரில் கலக்கினால், நீர் பால்போல் வெளுக்க வேண்டும். மாவு உடனே அடியில் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடி மாவை மெல்லிய துணியில் முடிந்து, வாளியிலுள்ள வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, அந்நீரை 10 நிமிடம் மெதுவாக உடலில் வார்க்கலாம். பின் நல்ல நீர் சிறிது வார்த்து, துவட்டாமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவலாம். தரை வழுக்கும், முதியோர் கவனமாயிருத்தல் வேண்டும்.

முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்ப்பது நலம். சிலர்க்கு ஓட்ஸ் ஒவ்வாது. தோல் வெடித்து நீர் கசிந்தாலும், வீட்டில் பலர்க்கும் இரவில் அரிப்பு மிகுந்தாலும் மாவை நம்பியிருத்தல் கூடாது. பின்னது ஒட்டிப் பரவும் சிரங்காயிருக்கலாம். குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே மருத்துவம் செய்துகொள்ள வேண்டும்.

இதனால் நிறம் சிவக்குமா என்று நம் பெண்களுக்காகக் கேட்போர் உண்டு. சிவக்காது. நிறம் நோயன்று, அதற்கு மருந்தும் வேண்டா. அரிப்பின்றி நம் குழந்தைகள் உறங்குவதே நாம் நாடும் பயன்.