மோட்டார் இயந்திரத்தின் நோய்க்குறிகள்

மோட்டார் வண்டி பழுதுற்றால் உடனே அதனைக் கழற்றிப் பார்ப்பதே பரிகாரமென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இயந்திரம் தன் நோயைப் புகையாலும் ஓசையாலும் மணத்தாலும் முன்னரே அறிவித்துவிடுகின்றது. நான் இயந்திரவியல் கற்றவனல்லன். வரலாறு படித்த ஆசிரியன். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது நான் செய்த ஒரு பிழையே.

1990 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைப்பது மிக அரிதாயிற்று. அங்கிருந்த பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. என் தந்தையாரின் ஒஸ்ரின் வண்டியும் அவ்வாறே ஓடியது. காலைதோறும் கம்பியை இழுத்து ஒயிலின் அளவைப் பார்ப்பேன். பழைய இயந்திரத்தில் ஒயில் குறைவதே இயல்பு. எங்கள் வண்டியிலோ அது சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருந்தது. குறையவில்லையே என்று மகிழ்ந்தேன்.

ஓரிரவு, பிரசவ வேதனையுற்ற அயல்வீட்டுப் பெண்ணை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றேன். பாதிவழியில் இயந்திரத்தின் அடியிலிருந்து, சம்மட்டியால் அடிப்பது போன்ற கனத்த ஓசை எழுந்தது. சற்று நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. அயலில் ஒருவரை எழுப்பி, அவருடைய மாட்டுவண்டியிற் பயணத்தைத் தொடர்ந்தோம். தாயும் சேயும் பிழைத்தது எங்கள் நல்லூழ்.

மறுநாள் வந்த முதிய மெக்கானிக் எதனையும் கழற்றவில்லை. கம்பியை இழுத்து முகர்ந்தார். ஒயிலை விரலிடையே தேய்த்தார். "தம்பி, கூடினது ஒயில் இல்லை, மண்ணெண்ணெய்" என்றார். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, ஒயிலை நீர்போலாக்கிவிட்டது. தடிப்பிழந்த ஒயில் பெயாரிங்குகளைக் காக்கவில்லை. நான் நற்குறியெனக் கொண்டதே நோய்க்குறியாக இருந்தது.

ஆகவே குறிகளைச் சற்று வகுத்து நோக்குவோம். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை, எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா என்று முதலிற் பாருங்கள். குளிர்ந்த காலையில் தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி. அது மறையாது நிலைத்து, றேடியேற்றரில் நீரும் குறைந்து வருமாயின், நீர் சிலிண்டருக்குட் கசிகின்றதென்று ஐயுறவேண்டும். ஒயில் பாற்றேநீர் நிறமாக மாறுவதும் நீர் கலந்ததற்கு அடையாளமாகலாம்.

ஓசையிலும் வேறுபாடுண்டு. மெல்லிய தட்டொலி பெரும்பாலும் வால்வுகளின் இடைவெளி மிகுந்ததாற் பிறப்பது. மேட்டில் ஏறும்போது மட்டும் கேட்கும் கிணுகிணுப்பு, எரிபொருளின் தரக்குறைவாலோ தீப்பொறி முந்துவதாலோ நேர்வது. கனத்த அடியோசை கேட்டால், அக்கணமே இயந்திரத்தை நிறுத்துங்கள்.

இக்காலத்து வண்டிகளிற் கணினியே குற்றத்தைக் குறியீடாகச் சொல்கின்றதே என்பீர்கள். பி 0301 என்னும் குறியீடு, முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்பதை மட்டுமே கூறும். காரணம் பிளக்கா, மின்சுருளா, எரிபொருளா என்று அது கூறாது. சிலிண்டருக்கு ஒரு சுருள் உள்ள வண்டியாயின், முதலாவதன் சுருளை இரண்டாவதற்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி 0302 என்று மாறினால், குற்றம் சுருளிலேயே உள்ளது. ஒரு சதமும் செலவின்றி உண்மை வெளிப்படும். வேண்டாத உதிரிப்பாகம் வாங்கும் பணமும் மிஞ்சும்.

பள்ளிக்கூடத்திலும் இதுவே முறை. கரும்பலகையைப் பார்த்தெழுதாத மாணவனைச் சோம்பேறியென்று தண்டிக்குமுன், அவன் கண்களைப் பரிசோதிக்கவேண்டும். வெளியே தோன்றுவது குறி. அதன் காரணம் பிறிதோரிடத்தில் இருக்கலாம்.

நாளைக் காலை வண்டியை இயக்குமுன், அந்தக் கம்பியை இழுத்துப் பாருங்கள். அளவை மட்டும் பாராது, நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். இன்றைய வண்டிகளிலும் பெற்றோல் கசிந்து ஒயிலிற் கலப்பதுண்டு. நீங்கள் ஊற்றாமலே ஒயில் கூடியிருந்தால், என்னைப்போல் மகிழ்ந்துவிடாதீர்கள்.