சிரிப்புப் படத்தில் முகமில்லாதவள்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"டாம் அண்ட் ஜெர்ரி" என்னும் பூனை, எலி சித்திரப் படத்தைப் பற்றி நாம் பேசப் போவதாகச் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்தீர்கள். கோயிலையும் புராணத்தையும் விட்டுவிட்டு இதென்ன பிள்ளை விளையாட்டு என்று நினைக்கலாம். புராணம் கேளாத பிள்ளையுங்கூட இந்தப் படத்தைப் பார்க்கிறதே! தாய்மார்கள் சோறு ஊட்டும்போது கைப்பேசியில் காட்டுவது இதைத்தானே?

1940-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த இப்படங்கள் ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷந்தான். அதில் வீட்டு வேலைக்காரியாக ஒரு கருப்பு ஸ்திரீ 1952 வரையில் வருகிறாள். எப்படி வருகிறாள்? தடித்த கால்கள், செருப்பு, கையில் துடைப்பம். பூனைக்கு முகமுண்டு, எலிக்கு முகமுண்டு, அவை அழுவதும் வெட்கப்படுவதும் நமக்குத் தெரிகிறது. மனுஷிக்கு மாத்திரம் முகம் காட்டுவது அபூர்வம்! அவளுக்குக் குரல் கொடுத்த லில்லியன் ராண்டால்ப் என்னும் கருப்பு நடிகையின் பெயரையும் படத்தில் போடவில்லை.

"எலியின் உயரத்திலிருந்து பார்த்தால் கால்தானே தெரியும்?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் அது யாருடைய கால், அதன் கையில் என்ன இருக்கவேண்டும் என்பதை எலியா தீர்மானித்தது?

இதைவிட மோசமான படமொன்று 1941-ல் யூனிவர்சல் கம்பெனியின் பேரால் வந்தது. "சோம்பேறி ஊர்" என்று ஓர் ஊர், அதில் இருப்பவர்களெல்லாம் கருப்பர்கள், எல்லோரும் தூங்குகிறார்கள். நிறம் வெளுத்த ஒருத்தி கப்பலில் வந்திறங்கித் துணி துவைக்கச் சொல்லிக் கொடுத்தபிறகுதான் ஊரே விழிக்கிறதாம்! பிறருக்குத் துவைத்துத் துவைத்தே முதுகொடிந்த ஜனங்களைப் பார்த்து இந்தப் பரிகாசம். 1948-ல் கருப்பு மக்களின் சங்கம் கண்டித்தது. 1949-ல் கம்பெனி படத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

பூனைப் படத்துக்கு நடந்த "பரிகாரம்" வேறு விதமானது. 1960-களில் டெலிவிஷனுக்காக அந்தக் கருப்பு ஸ்திரீயை அழித்துவிட்டு வெள்ளைக்காரியை வரைந்து, குரலையும் மாற்றினார்கள். முகம் கேட்டவளுக்கு இருந்த காலும் போய்விட்டது! தீண்டாமை ஒழிய வேண்டுமென்றால் சேரியை ஊர்ப் படத்திலிருந்து அழித்துவிட்டேன் என்பது போலத்தானே இது? 2014-ல் அமேசான் கம்பெனி, இப்படங்களில் இனவெறி இருக்கிறதென்று முன்கூட்டியே எழுதிப் போட்டது. அழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நிற்க. நம்மூர் சங்கதிக்கு வருவோம். பௌர்ணமி மறுநாள் காலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எச்சில் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும் கிடக்கின்றன. மத்தியானத்துக்குள் காணாமற் போகின்றன. அண்ணாமலையாரா வாரினார்? வாரினவர்களில் ஒருவருடைய முகமாவது இங்கிருக்கும் நமக்கு ஞாபகமிருக்கிறதா? நாளைக்கு ஒருவன் நம்மூரைச் சித்திரச் சிரிப்புப் படமாக எழுதினால் சாமியாருக்கு முகமிருக்கும், பக்தருக்கு இருக்கும், மலைக் குரங்குக்குங்கூட இருக்கும். கூட்டுகிறவளுக்கு?

அவளை நல்லவளாகவே காட்டவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அவளும் வழுக்கி விழட்டும், கோபிக்கட்டும், பிறரைக் கேலி செய்யட்டும்! எழுதுகோல் அவள் பிள்ளையின் கையிலும் இருக்கட்டும் என்கிறோம். இக்கூட்டத்தில் படம் போடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், முக்கியமாய்ப் பெண் பிள்ளைகள், கூட்டம் கலைவதற்குமுன் மேடைக்குப் பின்னால் வந்து பேர் கொடுங்கள். காகிதமும் பென்சிலும் அங்கே வைத்திருக்கிறோம்.