மெர்கூர் என்னும் மோட்டார் வண்டி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

தமிழ் கற்பிக்கும் எமக்கும் மோட்டார் வண்டிக்கும் யாது தொடர்பென்று நீங்கள் வினவலாம். நமது சமூகத்து இளைஞர் சிலர் பிறநாடுகட்குச் சரக்கனுப்பும் வாணிகத்தில் புகக் கருதியிருக்கின்றனர். முன்னோர் தேடிய பொருளையே அதற்கு முதலாக்கவும் துணிந்துள்ளனர். சரக்கு நல்லதாயின் தானே விலைபோகும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் குறித்தே பேச எழுந்தோம்.

அமெரிக்கராகிய போர்டு கம்பெனியார்க்கு ஐரோப்பாவிலும் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே 1982-இல் வெளிவந்த ‘சியரா’ வண்டியின் விரைவுமிக்க வகையொன்றை 1985-இல் அமெரிக்காவில் விற்கத் தலைப்பட்டனர். ஜெர்மனியில் ரைனெ என்னும் ஊரில் கார்மன் கம்பெனியார் அதனைக் கட்டினர். அவ்வாண்டே பிரிட்டிஷ் மோட்டார்ப் பந்தயத் தொடரில் ஆண்டி ரௌஸ் என்பார் அவ்வண்டியைச் செலுத்தி முதன்மை பெற்றார். ஆதலின் பொருளிற் குறை கூறுதற்கில்லை.

இடர் பெயரில் வந்தது. ‘சியரா’ என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தம் பாரவண்டிகட்கு முன்னமே இட்டிருந்தனர். ஆகவே போர்டார் ‘மெர்கூர்’ எனப் புதுப்பெயர் சூட்டினர். அது புதனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்; ஆங்கிலத்தில் ‘மெர்க்குரி’. உரோமர்க்கு வாணிகத் தெய்வமும் அவனே. அத்தெய்வத்தின் பெயரை வைத்தே வாணிகத்தில் தோற்றனர் என்பது விந்தை! ‘மெர்க்குரி’ என்ற பெயரில் அக்கம்பெனியாரே வேறு வண்டிகளும் விற்றுவந்தனர். இரண்டும் ஒன்றோ வேறோ என்று மக்கள் மயங்கினர். ஜெர்மன் ஒலியோ அமெரிக்கர் நாவில் ஏறவில்லை. அதன்மேல் ‘எக்ஸ்.ஆர்.4 டி.ஐ.’ என்றொரு வாலும் சேர்ந்தது. வாயில் வாராத பெயரை எவர் கடையிற் சென்று கேட்பார்? சொல்லையே தொழிலாகக் கொண்ட எமக்கு இது சிறு பிழையாகத் தோன்றவில்லை.

விற்ற கடையும் பொருந்தவில்லை. லிங்கன், மெர்க்குரி வண்டிகளை விற்போரிடமே இதனையும் ஒப்படைத்தனர். முதியோர் விரும்பும் மெத்தென்ற பெருவண்டிகளை விற்றுப் பழகியவர் அவர். வளைந்த சாலையில் விரைந்தோட்டும் இன்பத்தை நாடுவோனுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க அறிந்திலர். ‘எக்ஸ்.ஆர்.7’ என்று பெயர் பூண்ட மெர்க்குரி வண்டியொன்றும் அதே கடையில் நின்றது!

நாணய மாற்றும் பகையாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1985-க்குப் பின் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு ஏற, வண்டியின் விலையும் ஏறிற்று. ஆயினும் அதே மார்க்கு பி.எம்.டபிள்யூ. கம்பெனியாரையும் தாக்கியது, விற்பனை தளர்ந்தும், பெயர் வேரூன்றியிருந்தமையால் அவர் நிலைத்தனர்.

பின்னர், ஐரோப்பாவில் 1986-ஆம் ஆண்டின் சிறந்த வண்டியெனப் பரிசு பெற்ற ‘ஸ்கார்ப்பியோ’வையும் அதே பெயரில், அதே கடைகளுக்கே அனுப்பினர். 1989-இல் இரண்டையும் நிறுத்திவிட்டனர். முன்னது ஏறத்தாழ 42,000, பின்னது 22,000 அளவிலேயே விலைபோயின. ஐரோப்பாவிலோ ‘சியரா’ 1993 வரையும் ‘ஸ்கார்ப்பியோ’ 1998 வரையும் விற்கப்பட்டுவந்தன.